என்ன குறை வைத்தோம் ஐயா?

மேடையில் ஏறி, "நான் கேட்கிறேன்" என்று தொடங்குகிற எவனும் எதையும் கேட்பதில்லை. அவனுக்குப் பதில் வேண்டாம். கைதட்டல் வேண்டும், அது கிடைக்காத இடத்தில் கண்ணீர் வேண்டும். "நான் கேட்கிறேன், இந்த நாட்டில் நீதி இருக்கிறதா?" என்பான். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இருக்குதுங்க, போன வாரம்கூட எங்க மச்சானுக்குக் கெடச்சுது" என்று சொல்லிவிட்டால் ஆளுக்கு அடுத்த வரி மறந்துபோகும். இந்த இனத்தைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம், நானும் அதில் ஓர் உருப்படி. 'சொல்லருவி' என்று பட்டமே வைத்திருந்தேன். (கொடுத்தது யார் என்றால், அச்சகத்தில் நோட்டீஸ் அடிக்கும்போது "பேருக்கு முன்னாடி இன்னா போடறது?" என்று கேட்டார்கள். நானே சொன்னேன்.)

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆரணியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியர் வேலை. பள்ளிக்கூடத்தில் என் பேச்சுக்குப் பையன்கள் தூங்குவார்கள் என்பதால், வெளியே போய் அழவைத்துக்கொண்டிருந்தேன். என் தனித்துறை படத்திறப்பு.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் காரியத்தன்று, சடங்கெல்லாம் முடிந்த பிறகு, அவருடைய புகைப்படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டுத் துணியால் மூடி, முக்கியமான ஆள் ஒருவரைக் கொண்டு திறந்துவைப்பார்கள். அதற்குப் பிறகு பேச்சு. பேச்சு முடிந்தால்தான் இலை போடுவார்கள். அதனால் யாரும் எழுந்து போகமாட்டார்கள். சாம்பார் வாசனை வந்துகொண்டிருக்கும், வயிறு காய்ந்துகொண்டிருக்கும், மேடையில் நான் நின்றுகொண்டிருப்பேன். ஒரு பேச்சாளனுக்கு இதைவிட வசதியான சபை கிடைக்காது.

என்னிடம் இருந்தவை மொத்தம் மூன்று வித்தைகள்தான். முதல் வித்தை, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது. "இனி யார் இந்தத் தெருவில் நடப்பார்? இனி யார் இந்த நாற்காலியில் அமர்வார்? இனி யார் நம்மைப் பெயர் சொல்லி அழைப்பார்?" தெருவில் நடக்க ஊரே இருக்கிறது. நாற்காலியில் உட்கார அந்த வீட்டிலேயே நாலு பேர் போட்டி. ஆனாலும் 'இனி யார்' என்பது இரண்டு முறை காதில் விழுந்துவிட்டால், மூன்றாவதைக் காது தானாகவே எதிர்பார்க்கத் தொடங்கும். எதிர்பார்த்தது வந்து விழுந்ததும் தொண்டை அடைக்கும். கேட்கிறவர், இறந்தவரை நினைத்து அழுவதாக நம்புவார். பாதிக்கு மேல் அந்தச் சந்தத்துக்குத்தான் அழுகிறார் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாவது, நிறுத்தம். கேள்வியைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். (எனக்குப் பார்வைக் கோளாறு கிடையாது. துடைப்பதற்காகவே வாங்கிய கண்ணாடி.) அந்த மௌனத்தில் அவரவர் தங்கள் வீட்டுச் சாவை நினைத்துக்கொள்வார்கள். உழைப்பு அவர்களுடையது, பெயர் என்னுடையது.

மூன்றாவதுதான் பிரம்மாஸ்திரம். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிவிட்டுப் படத்தைப் பார்த்துப் பேசுவது. இல்லாதவரை இருப்பவராக வைத்து, "வாருங்கள் ஐயா" என்று முன்னிலையில் கூப்பிட்டால், கல்நெஞ்சுக்காரனும் மூக்கைச் சிந்துவான். எனக்கு வெற்றி என்பது எத்தனை பேர் மூக்கைச் சிந்தினார்கள் என்பதுதான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வசூல் நிலவரம் மாதிரி சொல்வேன். இப்போது நினைத்தால் அந்தப் பையனைக் கூப்பிட்டு நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

இந்த லட்சணத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் ரேவதி. அவளுடைய அப்பா தனபால், ஆரணியில் பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கிறார். ஜாதகம் பொருந்தி, பெண்ணும் பையனும் பார்த்துப் பேசி, எல்லாம் முடிந்துவிட்டது. ஒரே ஓர் ஆள் மட்டும் பிடி கொடுக்கவில்லை. ரேவதியின் பெரியப்பா, தனபாலின் அண்ணன், மில்லு வரதப்பன்.

வரதப்பன் நெல் மில் வைத்திருந்தார். அவருக்கு உலகத்தில் பிடித்த வார்த்தை 'வேணாம்'. யார் எதைக் கொண்டுபோய்க் கேட்டாலும் தலையைக் கூடத் தூக்காமல் "வேணாம்" என்பார். காரணம் கேட்டால் அதற்கும் "வேணாம்" என்பார். என் விஷயத்தில் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லாமல், "பாக்கலாம்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று வீட்டில் விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் காலை மில்லுக்குக் கிளம்பியவர் சட்டைப் பித்தானைப் போட்டபடியே சாய்ந்துவிட்டார்.

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் தனபால் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணன் வாயால சரின்னு சொல்லாமயே பூட்டாரு, அதான் மனசுக்குக் கஷ்டமா கீது. காரியம் முடியட்டும், பேசி முடிச்சிடலாம். அன்னிக்கு சொந்தக்காரங்க எல்லாம் வந்துகினு இருப்பாங்க. நீங்க படத்தாண்ட நாலு வார்த்த பேசுங்க. மாப்பிள்ளைய எல்லாரும் பாத்த மாதிரியும் ஆவும்" என்றார்.

நாலு வார்த்தை என்றார் அந்த மனிதர். நான் எட்டுப் பக்கம் எழுதினேன். ரேவதி கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அந்த எட்டுப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அது மட்டும் சரியாகத்தான் இருந்தது.

பேச்சின் நடுவே போட ஓர் இரங்கற்பாவும் கட்டினேன்.

"அரிசி ஆலை அழுகிறதே,
ஆரணி ஆறும் அழுகிறதே,
அரவை எந்திரம் அழுகிறதே,
ஆண்டவர் நீர்தான் எங்கய்யா!"

அகரமும் ஆகாரமும் மாறி மாறி வருவதைப் பார்த்து நானே மெய்சிலிர்த்தேன். மில் அடைத்த இரண்டாம் நாளே திறந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றில் அப்போது தண்ணீரே கிடையாது, அழுவதற்கு அதற்கு வசதியில்லை. மோனைக்காக ஆற்றை அழவைத்தேன். மோனை கிடைத்திருந்தால் பேருந்து நிலையத்தையும் அழவைத்திருப்பேன்.

வீட்டில் பீரோக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். "வாருங்கள் ஐயா! ஒருமுறை வாருங்கள் ஐயா!" என்று குரலை உடைத்தபோது, அம்மா சொம்பில் தண்ணீரோடு வாசல் பக்கம் போவதைப் பார்த்தேன்.

"யார்டா வந்துகீறாங்க?"

"யாரும் வரல. வரதப்பன் மாமாவைக் கூப்பிட்டேன்."

அம்மா சொம்பைக் கீழே வைத்தார். "காரியம் பண்ணி அனுப்பி வச்சவர எதுக்குடா கூப்புடற? பம்பைக்காரரு கூப்புடற மாதிரியே கீது. நாலு வார்த்த நல்லதா சொல்லிட்டு எறங்கிடு."

"அம்மா, இது இலக்கியம்" என்றேன். (சொன்னேன். அப்படியே சொன்னேன்.)

பம்பைக்காரர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் பல வீடுகளில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடை என்று ஒரு பூசை போடுவார்கள். அந்த வீட்டில் இறந்துபோனவர்களை அழைத்து உத்தரவு வாங்குகிற பூசை. பம்பை என்கிற இரட்டை மேளத்தை அடித்துக்கொண்டு பம்பைக்காரர் பாட்டாகவே கூப்பிடுவார். "வாம்மா, வந்து நில்லும்மா, இன்னா கொற வச்சோம், வாயத் தொறந்து சொல்லும்மா" என்று திரும்பத் திரும்ப, திரும்பத் திரும்ப. கூப்பிடக் கூப்பிடக் குடும்பத்தில் யாராவது ஒருவருக்குக் கொட்டாவி வரும். கொட்டாவி வந்தால் ஆள் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு இறந்தவர் அந்த உடம்பில் இறங்கி, குறையைச் சொல்வார். சின்ன வயதிலிருந்து நான் பார்த்த பூசை இது. அந்தப் பாட்டும் என் எட்டுப் பக்கமும் ஒரே சரக்குதான் என்பது பீரோக் கண்ணாடிக்குக்கூடத் தெரிந்திருக்கும். எம்.ஏ. படித்த எனக்குத் தெரியவில்லை.

காரியத்தன்று தெருவை அடைத்துப் பந்தல். புரோகிதர் சடங்கை முடித்துவிட்டு, பக்கத்தில் சேத்துப்பட்டில் அடுத்த வேலை இருப்பதாக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். படத்தைத் தனபால் மாமா தம் கடையிலிருந்து கொண்டுவந்த அரக்குப் பட்டால் மூடியிருந்தார். அதை ஓர் உறவுக்காரப் பெரியவர் இழுக்க, உள்ளே வரதப்பன் எதையோ 'வேணாம்' என்று சொல்லப் போகிற முகத்தோடு தெரிந்தார். பெண்கள் பக்கம் முன்வரிசையில் அவர் மனைவி விசாலாட்சி உட்கார்ந்திருந்தார். கணவர் இறந்த நாளிலிருந்து அந்த அம்மாள் ஒரு சொட்டுக்கூட அழவில்லை என்று உறவில் ஒரே பேச்சு. (அவரை அழவைப்பதுதான் என் இன்றைய இலக்கு என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன். இப்படியும் ஒரு பிறவி.) அவருக்குப் பக்கத்தில் வரதப்பனின் தங்கை குப்பக்கா, கலசப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். அந்த வம்சத்தில் எந்தப் பூவாடை போட்டாலும், யாரைக் கூப்பிட்டாலும், குப்பக்கா மேல்தான் வருவார்கள். இறந்தவர்களுக்கு வேறு முகவரி தெரியாது.

மைக்கைப் பிடித்தேன். மைக்செட்காரரிடம் ஏற்கெனவே சொல்லி எக்கோவை ஏற்றிவைத்திருந்தேன்.

"யார் இவர்?" என்று தொடங்கி, நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினேன்.

"நம்ம மில்லு வரதப்பன்" என்றார் முன்வரிசையில் ஒருவர், மிகவும் உதவியாக.

அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். விழிக்கவில்லை. இந்த ஊரில் ஒருவன் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றால், பாவம் தெரியவில்லை போலிருக்கிறது என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். மரியாதை தெரிந்தவர்கள். நான் அவரை ஒரு முறை முறைத்துவிட்டு அடுத்த அடுக்குக்குப் போனேன். "ஏழை என்று வந்தவருக்கு இல்லை என்று சொன்னாரா? பசி என்று வந்தவருக்குப் பந்தி விரிக்காமல் இருந்தாரா? கோபம் என்ற சொல்லையாவது இவர் அறிந்தாரா?"

பந்தலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அதை நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். இரங்கற்பாவைப் பாடினேன். ஆலை அழுதது, ஆறு அழுதது, எந்திரம் அழுதது. விசாலாட்சி அம்மாள் அழவில்லை. அவர் வடை வேகும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, இனி பிரம்மாஸ்திரம்தான் என்று படத்தின் பக்கம் திரும்பினேன்.

"வரதப்பன் ஐயா! வாருங்கள் ஐயா! ஒருமுறை வாருங்கள் ஐயா!" எக்கோ அதைப் பிடித்துக்கொண்டு 'ஐயா, ஐயா' என்று தெருக்கோடி வரை கூப்பிட்டது. "ஏன் எங்களை விட்டுப் போனீர்கள்? உங்களுக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம்? வாய் திறந்து சொல்லுங்கள் ஐயா!"

ஓரக்கண்ணால் பார்த்தேன். குப்பக்கா கொட்டாவி விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் நெஞ்சைப் பிழிந்துகொண்டிருக்கிறேன், இந்த அம்மாளுக்குத் தூக்கமா? ஒரு பேச்சாளன் இந்த இடத்தில் என்ன செய்வான்? வேகத்தைக் கூட்டுவான். கூட்டினேன். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா இரண்டு கைகளாலும் நிறுத்து, நிறுத்து என்று சைகை காட்டினார். மகனின் பேச்சில் மனம் தாங்காமல் தவிக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

"வாருங்கள் ஐயா! வந்து நில்லுங்கள் ஐயா! என்ன குறை வைத்தோம் ஐயா?"

குப்பக்கா இன்னொரு கொட்டாவி விட்டார். அடுத்தது அதைவிடப் பெரிது. பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து இடம்விட்டு நகர்ந்தார்கள். யாரோ ஒருத்தி, "ஜல்தி கற்பூரம் எடுத்தாடி" என்றாள். குப்பக்காவின் கொண்டை தானாக அவிழ்ந்தது.

"டேய்" என்றது ஒரு குரல். மில் இரைச்சலுக்கு நடுவே பேசிப் பழகிய குரல்.

பந்தல் மொத்தமும் எழுந்து நின்றது. மைக்செட்காரர் கோயில் திருவிழாக்களில் பழகியவர். சாமி வந்தவர் வாயருகே மைக்கைக் கொண்டுபோவது அவர் தொழில் தர்மம். என் கையிலிருந்த மைக்கை ஒரு வார்த்தை கேட்காமல் பிடுங்கிக்கொண்டு ஓடினார். எக்கோவைக் குறைக்கவில்லை.

"எவன்டா என்ன கூப்ட்டவன்? இப்பதான் அனுப்பி வச்சீங்க. பாதி வழி போயிகினு இருந்தவன எதுக்குடா திருப்பிக் கூப்ட்டீங்க?"

தனபால் மாமா ஓடிவந்து கைகட்டி நின்றார். "அண்ணே, தெரியாம கூப்ட்டுட்டோம்ணே. வந்ததுதான் வந்துட்ட, இன்னா கொறன்னு சொல்லுண்ணே."

குறை வந்தது. படத்துக்கு வேறு போட்டோவே கிடைக்கவில்லையா, தலையில் முடி இருந்த காலத்துப் படம் பீரோவில்தானே இருக்கிறது. மில்லில் புது ஆளை ஏன் வைத்தீர்கள். என் ஸ்கூட்டரை எவன் எடுத்து ஓட்டுகிறான். ஒவ்வொன்றுக்கும் தனபால் மாமா, "சரிண்ணே, பாத்துக்கறேண்ணே" என்றார். நான் எட்டுப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வெளியே நிற்கவைத்த பையன் மாதிரி நின்றேன். அப்போது அந்தக் கண்கள் என் பக்கம் திரும்பின.

"இவன் யாரு?"

"நம்ம ரேவதிக்குப் பாத்த பையண்ணே. நீகூட பாக்கலாம்னு சொன்னியே."

"வேணாம்."

"ஏண்ணே?"

"வாயி. ரொம்ப வாயி."

என் உயிர் போயிற்று. உயிரோடு இருந்தவர் 'பாக்கலாம்' என்று விட்டுவிட்டுப் போன சம்பந்தம் அது. பேசாமல் இருந்திருந்தால் அடுத்த முகூர்த்தத்தில் முடிந்திருக்கும். நானே தொண்டை கிழியக் கூப்பிட்டு, அந்த மனிதரை வழியிலிருந்து திருப்பிக் கொண்டுவந்து, 'வேணாம்' வாங்கியிருக்கிறேன். ஆண்கள் பக்கம் தலைகள் ஆடின. இறந்தவர் வந்து சொன்ன பிறகு எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்? ரேவதி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போதாவது வாயை மூடினேனா? படத்துக்கும் குப்பக்காவுக்கும் நடுவில் போய் நின்று கைகூப்பி, "ஐயா, தங்களைப் புகழ்ந்ததைத் தவிர நான் செய்த குற்றம் என்ன?" என்றேன். மறுபடியும் ஒரு கேள்வி. மறுபடியும் ஒரு நிறுத்தம்.

"இன்னா குத்தமா? நீ பேசனதுல ஒண்ணாவது நெசமாடா? நான் எந்த ஏழைக்குடா பந்தி விரிச்சேன்? எவனுக்காவது ஒரு டீ வாங்கிக் குடுத்துகீறேனா? கோவமே தெரியாதாம். இதோ நிக்கறானே தனபாலு, அவனக் கேளு. மில்லு அழுவுதாம். மில்லு ஜோரா ஓடிகினு கீது, போயிப் பாரு."

பந்தலில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு அடக்க முடியாமல் எல்லோரும் சிரித்தார்கள். நான் தேடித் தேடிச் செய்த புகழுரையைச் சம்பந்தப்பட்டவரே வந்து மறுத்தது எனக்கு மட்டும்தான் நடந்திருக்கும்.

விசாலாட்சி அம்மாள் எழுந்தார். சிரிப்பு நின்றது. விபூதித் தட்டை வாங்கிக்கொண்டு குப்பக்காவின் எதிரே போய் நின்றார். மைக்செட்காரர் தர்மப்படி மைக்கை அவர் பக்கம் நீட்டினார்.

"இன்னாங்க. கொஞ்சம் நில்லுங்க" என்றார். அவர் குரலை அன்றுதான் நான் முதலில் கேட்டேன். "தனபாலு தம்பிக்குக் கடை வேணாம்னு சொன்னீங்க. வச்சாரு, நல்லா கீறாரு. பின்னால போர் போட வேணாம்னு சொன்னீங்க. போட்டோம், இன்னிக்கும் தண்ணி வருது. மாடி எடுக்க வேணாம்னு சொன்னீங்க. எடுத்தோம், அந்த மாடியிலதான் காத்து வருதுன்னு படுத்துகினு இருந்தீங்க."

கொஞ்சம் நிறுத்தினார்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு என்னயும்தான் வேணாம்னு சொன்னீங்க."

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். தனபால் மாமா தோள் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மைக்செட்காரர் அழுதார். எனக்கு 'நம்ம மில்லு வரதப்பன்' என்று பதில் சொன்னவரும் மூக்கைச் சிந்தினார்.

நானும் அழுதேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். உண்மையில் எனக்குப் பொறாமையாக இருந்தது. அதே வித்தைதான். ஒரே சொல்லை வாலில் கட்டி மூன்று முறை சொல்லி, காதைப் பழக்கி, நிறுத்தி, நாலாவதில் கத்தியை இறக்கினார். நாலாவதுக்குப் பிறகு 'எடுத்தோம்' 'போட்டோம்' என்று எதையும் சேர்க்கவில்லை. மிச்சத்தை எங்களிடம் விட்டுவிட்டார். ஒரே வித்தியாசம், அவர் சொன்ன நாலும் நடந்தவை. கணவனைப் பறிகொடுத்த ஓர் அம்மாள் அழுவதைப் பார்த்து, அட, அந்த நாலாவதை எப்படி வைத்தார் பார் என்று யோசித்துக்கொண்டிருந்தவனுக்குத்தான் சொல்லருவி என்று பெயர்.

குப்பக்கா ஒரு கடைசிக் கொட்டாவி விட்டார். வந்தவர் போய்விட்டார். மனைவியிடம் வரதப்பன் எதிர்வாதம் செய்து ஒருபோதும் ஜெயித்ததில்லையாம். நெற்றியில் விபூதி பூசியதும் குப்பக்கா கண்ணைத் திறந்து, "எல போட்டாச்சா?" என்று கேட்டார்.

விசாலாட்சி அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தனபால் மாமாவிடம் வந்தார். மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் தெருவே கேட்டது. "தம்பி, அந்தப் பையனையே முடிச்சிடுங்க. உங்கண்ணன்தான் வேணாம்னு சொல்லிட்டாரு இல்ல, நல்லாத்தான் இருக்கும்." பிறகு என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மைக்க மட்டும் கையில குடுக்காதீங்க" என்றார்.

புரோகிதருக்குப் போன் போட்டு, சேத்துப்பட்டு போய்ச் சேர்ந்தவரைத் திரும்ப வரவழைத்து, வரதப்பனை இரண்டாம் தடவை அனுப்பிவைத்த பிறகுதான் இலை போட்டார்கள். பசியில் இருந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். "பேஜாரு பண்ணிட்டியேப்பா" என்று ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சொன்னார். மற்றவர்கள் பார்வையிலேயே சொன்னார்கள். வடை ஆறிப்போயிருந்தது.

எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டில் பூவாடை போட்டார்கள். சம்பிரதாயத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பம்பைக்காரர் மேளத்தை மாட்டிக்கொண்டு, என் பக்கம் கையைக் காட்டி, "அந்தத் தம்பிய வெளிய ஒக்கார வைங்க. அவரு வாயத் தொறந்தா யாரு வருவாங்கன்னு எனக்கு கேரண்டி கெடையாது" என்றார். நான் வெளியே செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நான் படத்திறப்பில் பேசவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. உறவில் சாவு விழுந்தால் சொல்லி அனுப்புவார்கள், கூடவே "வாங்க, ஆனா பேச வேணாம்" என்றும் சொல்லி அனுப்புவார்கள். கல்யாண வீடுகளில் நான் மேடைப் பக்கம் நகர்ந்தால் மாமியார் வீட்டு ஆள் ஒருவர் போய் மைக் பக்கத்தில் நின்றுகொள்வார். வகுப்பில் ஒரு தொடர் திரும்ப வருவதால் உண்டாகும் பயன் என்ன என்று பாடம் வரும்போது, எழுதிப்போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வீட்டில்தான் நிலைமை மோசம். நான் என்ன கேட்டாலும் ரேவதி ஒரு நொடி நிறுத்தி, "இதுக்குப் பதில் சொல்லணுமா, இல்ல சும்மா கேக்கறீங்களா?" என்பாள். சாப்பாடு ஆச்சா என்று கேட்டாலும் அதுதான், வண்டிச் சாவி எங்கே என்று கேட்டாலும் அதுதான். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். விசாலாட்சி அம்மாள் எப்போதாவது வீட்டுக்கு வந்தால், பிள்ளைகளை இதைச் சொல்லவைத்துக் கேட்டுச் சிரிப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு சின்னச் சண்டை. கோபத்தில் பழைய குரல் வந்துவிட்டது. "என்னைப் போய் ஏன்தான் கட்டிக்கொண்டாயோ?" என்றேன்.

ரேவதி சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸியை நிறுத்திவிட்டுத் திரும்பி, நிதானமாக என்னைப் பார்த்தாள்.

"இதுக்குப் பதில் சொல்லணுமா, இல்ல சும்மா கேக்கறீங்களா?"

"சும்மாதான் கேட்டேன்" என்றேன். அவள் மிக்ஸியைப் போட்டாள்.